ஒரு பாட்டிலுக்கு ஒரு லட்சம் ரூபாயா? ‘வின்டேஜ் போர்ட்’ ஒயின் விலைக்கு ஏத்த சரக்குதானா?

போர்ச்சுகலின் வடக்கே, டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 2 ஹெக்டேர் அளவுக்கு ஒரு சின்ன திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ‘கின்டா டோ நோவால்’ என்ற பண்ணைக்குள் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தின் பெயர் ‘நாசியோனல்’. விளைச்சல் பிரமாதமாக அமைந்த வருஷத்தில் சில ஆயிரம் பாட்டில்கள் வரும். சுமாரான வருஷம் என்றால் அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வராது. புதிதாக வெளியிடும்போதே ஒரு பாட்டில் ஆயிரம் டாலரைத் தொடும். நம்ம கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பக்கம். 1931, 1963 போன்ற பழைய வருஷத்து பாட்டில் என்றால் இன்னும் பல மடங்கு.

அதே பள்ளத்தாக்கில், அதே திராட்சை ரகங்களில், அதே முறையில் செய்த வேறொரு போர்ட் ஒயின் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் 20 டாலருக்குக் கிடைக்கிறது. விலையில் 50 மடங்கு வித்தியாசம். ருசியிலும் 50 மடங்கு வித்தியாசம் இருக்குமா? இருக்காது. அப்படின்னா மிச்சக் காசு எதற்காக? அது யார் கைக்குப் போகிறது?

முதல்ல, போர்ட்னா என்ன?

‘போர்ட் ஒயின்’ என்றதும் நம்ம ஊரில் பலருக்கு கோவா பயணம்தான் நினைவுக்கு வரும். அங்கே கடைக்குக் கடை சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் இனிப்பு ஒயினுக்கும் இந்தக் கட்டுரையில் பேசும் போர்ட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. கோவாவை போர்ச்சுகீசியர்கள் ஆண்டதால் அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

உண்மையான போர்ட், டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையில் இருந்து மட்டுமே வர வேண்டும். எந்த நிலம் இதற்குள் வரும், எது வராது என்று 1756-லேயே எல்லை வகுத்துவிட்டார்கள். வகுத்தவர் அப்போதைய போர்ச்சுகல் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர். உலகிலேயே மிகப் பழைய ஒயின் எல்லை வரையறைகளில் இதுவும் ஒன்று.

செய்முறையில் ஒரு தனிக் கதை இருக்கிறது. சாதாரண ஒயினில் திராட்சைச் சாறு முழுதாகப் புளிக்கும் வரை விடுவார்கள். சாற்றில் இருக்கும் சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். போர்ட்டில் அப்படி விடுவதில்லை. பாதிச் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சை ஸ்பிரிட்டை அதில் ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துப்போகும், இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஒரு பாட்டிலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த ஸ்பிரிட்தான். அதனால் போர்ட்டில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். லிட்டருக்கு சுமார் 100 கிராம் சர்க்கரையும் இருக்கும். இனிப்பாக இருக்கிறதே என்று ஜூஸ் மாதிரி குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: பீரைவிட நாலு மடங்கு ஆல்கஹால். மதுவில் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இதன் மேல் காதல் வந்ததற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை, அரசியலும்தான். பிரான்சோடு சண்டை நடந்த காலத்தில் பிரெஞ்சு ஒயின் கிடைப்பது பாடாகிவிட்டது. 1703-ல் போட்ட ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைவு. அப்போது அங்கே போய் கடை விரித்த வணிகர்களின் பெயர்கள்தான் வாரே, டெய்லர், கிராஃப்ட், அதற்குப் பின்னால் வந்த கிரஹாம் என்று இன்றைக்கும் பாட்டில்களில் இருக்கின்றன. இதில் இன்னொரு விஷயம். கிரஹாம், டோ, வாரே, காக்பர்ன் எல்லாம் இன்று ஒரே குடும்ப நிறுவனமான சிமிங்டன் கையில். டெய்லர், ஃபொன்சேகா, கிராஃப்ட் மூன்றும் ஃபிளாட்கேட் என்ற இன்னொரு நிறுவனத்தின் கையில். கடை அலமாரியில் ஏழு பெயர் தெரிந்தாலும் முதலாளிகள் ரெண்டே பேர்தான்.

வருஷம் போட்டிருந்தா எல்லாமே ‘வின்டேஜ்’ இல்லை

காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லேபிளில் பெரிதாக ஒரு வருஷம் அச்சிட்டிருந்தால் அது வின்டேஜ் போர்ட் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

வின்டேஜ் போர்ட் என்றால் ஒரே வருஷத்து அறுவடை. பெரிய மரப் பீப்பாய்களில் இரண்டு வருஷம்போல வைத்துவிட்டு, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். முதிர்ச்சி எல்லாம் அதற்கு அப்புறம், பாட்டிலுக்குள்தான் நடக்கும். அதுவும் எல்லா வருஷமும் செய்வதில்லை. பத்து வருஷத்தில் மூன்று தடவைபோலத்தான் பெரிய நிறுவனங்கள் ‘இது வின்டேஜ் வருஷம்’ என்று அறிவிக்கும். அறிவித்தால் மட்டும் போதாது. மாதிரியை போர்ச்சுகல் அரசின் ஒயின் அமைப்பான ஐவிடிபி-க்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். மொத்த போர்ட் உற்பத்தியில் இந்த வகை ஓரிரு சதவீதம்தான். 1994, 2000, 2011 எல்லாம் பேர்போன வருஷங்கள். 2016, 2017 என்று இரண்டு வருஷம் அடுத்தடுத்து அறிவித்தபோது அது ஒயின் உலகில் பெரிய செய்தியானது.

‘லேட் பாட்டில்டு வின்டேஜ்’, சுருக்கமாக எல்பிவி என்பது வேறு. இதுவும் ஒரே வருஷத்து அறுவடைதான். ஆனால் 4 முதல் 6 வருஷம் மரப் பீப்பாயில் இருந்துவிட்டு வரும். வாங்கியதும் குடிக்கலாம், விலையும் கம்மி. ‘கொல்யெய்டா’ என்று ஒன்று இருக்கிறது. அதிலும் வருஷம் இருக்கும், ஆனால் குறைந்தது 7 வருஷம் பீப்பாயிலேயே கிடந்து பழுப்பு நிறமாக மாறிய ‘டானி’ வகை. இதில் எதையும் மட்டம் என்று சொல்ல முடியாது. வின்டேஜ் என்று நினைத்து வின்டேஜ் விலையை இதற்குக் கொடுத்தால்தான் பிரச்சினை.

ஏலத்தில் அதிக விலைக்குப் போன போர்ட் என்று செய்திகளில் அடிபட்டதே ஒன்று: நீபோர்ட் நிறுவனத்தின் 1863-ஆம் ஆண்டு போர்ட், 2018-ல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 1.27 லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அதுவும் வின்டேஜ் போர்ட் வகை கிடையாது, பல காலம் பீப்பாயில் முதிர்ந்த பழைய போர்ட். லாலிக் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்த படிகக் குடுவையில் ஊற்றி விற்றார்கள். ஒரு கோடியில் சாறுக்கு எவ்வளவு, குடுவைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை!

விலைக்குள்ள என்னதான் இருக்கு?

விலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று தோட்டம். டோரோவில் நிலம் மண்ணாக இல்லை, சிஸ்ட் என்ற அடுக்குப் பாறை. செங்குத்தான மலைச் சரிவை வெட்டி, படிப்படியாகக் கல் சுவர் கட்டித்தான் கொடி நட வேண்டும். பல இடங்களில் டிராக்டர் ஏறாது. கோடையில் வெயில் கொளுத்தும், கொடிக்குக் கிடைக்கும் பழமும் குறைவு. இந்த மலைப்படிகள் 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. உயர்ந்த ரகத்துக்கு இன்றும் கருங்கல் தொட்டியில் திராட்சையைக் கொட்டி, ஆட்கள் வரிசையாகத் தோளில் கை போட்டு நின்று மணிக்கணக்கில் காலால் மிதிக்கிறார்கள். மெஷினும் வந்துவிட்டது, ஆனாலும் கால் மிதி ஒழியவில்லை. கொட்டையை உடைக்காமல் தோலை மட்டும் நசுக்க மனுஷப் பாதத்துக்கு நிகர் இல்லை என்பது அவர்கள் கட்சி. இந்தச் செலவெல்லாம் நிஜம்.

இரண்டு, காலம். இளம் வின்டேஜ் போர்ட்டில் துவர்ப்பு அதிகம். நாவல்பழம் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதைப் பல மடங்கு ஆக்கினால் வரும் உணர்வு. இதற்குக் காரணமான டானின் என்ற பொருள், வருஷங்கள் போகப் போக நிறமிகளோடு சேர்ந்து கட்டியாகி பாட்டில் அடியில் வண்டலாகப் படியும். துவர்ப்பு அடங்கும். கருஞ்சிவப்பு மங்கி செங்கல் நிறத்துக்கு வரும். பச்சைப் பழ வாசனை போய் அத்திப்பழம், உலர் திராட்சை, கொட்டைப் பருப்பு வாசனை வரும். இதற்கு 20, 30 வருஷம் ஆகும். அவசரப்படுத்த வழியே இல்லை. இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் பிள்ளை பிறந்த வருஷத்து போர்ட்டை வாங்கி வைத்து, அது 21 வயதில் திறக்கட்டும் என்று விடும் வழக்கம் வந்ததும் இதனால்தான்.

மூன்றாவது, அரிது என்பது. இங்கேதான் விலை ருசியை விட்டுவிட்டுத் தனியாக ஓட ஆரம்பிக்கிறது.

நாசியோனலையே எடுத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதிலிருந்து தப்பிக்க, பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்று கிட்டத்தட்ட எல்லாத் தோட்டமும் ஒட்டுத்தான். நாசியோனல் மட்டும் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்கிறது. ‘நாட்டு மண்ணோடது’ என்ற அர்த்தத்தில்தான் அந்தப் பெயரே. ருசியில் தனித்தன்மை உண்டு என்பதை விமர்சகர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தனித்தன்மைக்காக மட்டும் பத்து மடங்கு விலை வந்துவிடவில்லை. 2 ஹெக்டேரை யாராலும் 4 ஹெக்டேர் ஆக்க முடியாது என்பதற்கும் சேர்த்துத்தான் விலை.

1931 கதை இன்னும் வேடிக்கை. விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. வணிகர்களின் கிடங்குகளில் 1927 சரக்கே விற்காமல் தேங்கிக் கிடந்ததால், பெரும்பாலான நிறுவனங்கள் 1931-ஐ வின்டேஜ் என்று அறிவிக்கவே இல்லை. நோவால் துணிந்து அறிவித்தது. அந்த முடிவுதான் அதன் புகழுக்கு அஸ்திவாரம். மற்றவர்களும் அறிவித்திருந்தால் 1931 பாட்டிலுக்கு இன்றைக்கு இவ்வளவு அடிபிடி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒரு மந்தகாலம் உண்டாக்கிய பற்றாக்குறைக்கு, ஏலத்தில் எடுப்பவர் இப்போது காசு கட்டுகிறார்.

நாக்குக்குத் தெரியுமா?

விலை தெரியாமல் ருசித்தால் என்ன ஆகும்? ஒயின் பற்றி 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 6,000-க்கும் மேற்பட்ட முறை விலையை மறைத்துக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களுக்கு விலை உயர்ந்த ஒயின், கொஞ்சம் கம்மியாகத்தான் பிடித்திருந்தது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் 20 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. ஒரே ஒயினை ஒரு தடவை ‘10 டாலர்’, இன்னொரு தடவை ‘90 டாலர்’ என்று சொல்லிக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது, இன்பத்தை உணரும் மூளைப் பகுதி அதிகமாக வேலை செய்தது. அதாவது பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவர்களுக்கு அதிகம் ருசித்தது. ருசித்தது விலைச்சீட்டு!

இவை பொதுவாக ஒயினைப் பற்றிய ஆய்வுகள். போர்ட்டுக்கு ஒரு சலுகை கொடுத்தாக வேண்டும். மலிவான ரூபி போர்ட்டையும் 30 வருஷம் முதிர்ந்த வின்டேஜையும் பக்கத்தில் வைத்தால், பழக்கமில்லாத ஆளுக்குக்கூட நிறத்திலேயே வித்தியாசம் தெரியும். வாசனையில் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் 20 டாலருக்கும் 200 டாலருக்கும் நடுவில் இருப்பது. 200-க்கும் 2,000-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் பெயரும் எண்ணிக்கையும்தான்.

இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. அமெரிக்காவின் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை 2014-ல் அந்த வருஷத்தின் முதலிடம் என்று தேர்ந்தெடுத்தது, டோ நிறுவனத்தின் 2011 வின்டேஜ் போர்ட்டை. அப்போது அதன் விலை சுமார் 80 டாலர். அதே பத்திரிகை வருஷா வருஷம் பரிசீலிக்கும் பிரெஞ்சு ஒயின்களில் பல, இதைப்போலப் பல மடங்கு விலை.

புதுசா வாங்கி வைக்கலாமா, பழசை வாங்கலாமா?

இதற்குப் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு சின்னக் கணக்கு. இன்று 100 டாலருக்குப் புது வின்டேஜ் பாட்டில் ஒன்றை வாங்கி 25 வருஷம் வைப்பதற்குப் பதிலாக, அந்தக் காசை 5 சதவீத வட்டியில் போட்டால் அது சுமார் 340 டாலர் ஆகியிருக்கும். இதில் பாட்டிலை வெளிச்சம் படாமல், படுக்கை வசத்தில், 12-14 டிகிரி குளிரில் வைக்கும் செலவு தனி. நம்ம ஊர் வெயிலுக்கு வீட்டு அலமாரியில் வைத்தால் ரெண்டு கோடையில் கதை முடிந்துவிடும்.

ஆனால் 1994 போன்ற நல்ல வருஷத்தில், பெயர் பெற்ற நிறுவனங்களின் 30 வயது பாட்டில்களே வெளிநாட்டுக் கடைகளில் 150 முதல் 250 டாலருக்குக் கிடைப்பது உண்டு. யாரோ ஒருவர் முப்பது வருஷம் காத்திருந்து, கிடங்கு வாடகையும் கட்டி, கிட்டத்தட்ட கைநஷ்டத்தில் கொடுக்கிறார் என்று அர்த்தம். இதே வயதுள்ள பேர்பெற்ற போர்டோ ஒயினுக்கு இந்த விலையைக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். காரணம் எளிது: இனிப்பு ஒயினுக்கு உலகத்தில் கிராக்கி குறைந்துகொண்டே போகிறது. முதலீடாக நினைத்து வாங்கியவருக்கு இது கெட்ட செய்தி, குடிக்க வாங்குபவருக்கு நல்ல செய்தி. ஆக, வின்டேஜ் போர்ட்டில் விலைக்கு ஏத்த சரக்கு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த 20, 30 வயது பாட்டில்தான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சில்லறை விலை என்பதை மறக்கக் கூடாது. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா நீண்ட காலமாகப் போட்டுவந்த சுங்க வரி 150 சதவீதம். அதற்கு மேல் மாநில வரி வேறு. அந்த விலையில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

ரொம்பப் பழைய பாட்டில் என்றால் இன்னொரு ஆபத்து. 1970-களின் நடுப்பகுதி வரை போர்ட்டைப் பீப்பாயோடு இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே கடைக்காரர்களே பாட்டிலில் அடைப்பது சாதாரணம். 1975 அறுவடையில் இருந்துதான் போர்ச்சுகலிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது கட்டாயமானது. அதனால் 1963 என்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே சரக்கு பத்து கடைக்காரர்களின் பாட்டிலில் பத்து விதமாக இருக்கலாம். கார்க் உலர்ந்து காற்று புகுந்திருக்கலாம். கழுத்துக்குக் கீழே ஒயின் மட்டம் இறங்கியிருந்தால் அது முதல் எச்சரிக்கை. இத்தனை வருஷம் எந்தக் கிடங்கில் இருந்தது என்று சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது சூதாட்டம்.

வாங்கியவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மெதுவாக வேறு பாத்திரத்துக்கு ஊற்றி, வண்டல் வரும்போது நிறுத்திவிட வேண்டும். பழைய கார்க் பொடியாக உதிரும் என்பதால், பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பாட்டில் கழுத்தைப் பிடித்து, அடுத்து ஈரத்துணியை வைத்து, கண்ணாடிக் கழுத்தையே ‘டக்’கென்று உடைத்து எடுக்கும் பழக்கமும் அங்கே உண்டு. திறந்த பழைய பாட்டில் ஓரிரு நாளைக்குத்தான் தாங்கும்.

அந்தக் காசு யாருக்குப் போகுது?

பாட்டில் லட்சம் ரூபாய்க்குப் போனால் திராட்சை விளைவிப்பவருக்கு நல்ல காலம்தானே என்று தோன்றும். டோரோவில் நிலைமை நேர்மாறு. அங்கே பல ஆயிரம் சிறு விவசாயிகள். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு சாறு போர்ட்டாக மாறலாம் என்று ஐவிடிபி ஒரு உச்சவரம்பு வைக்கும். இதன் பெயர் ‘பெனிஃபீசியோ’. அந்த அளவுக்குள் வரும் திராட்சைக்கு ஓரளவு நல்ல விலை உண்டு. மிச்சத் திராட்சை சாதாரண ஒயினுக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கிடைக்கும் விலை பல சமயம் பறிக்கிற கூலிக்கே கட்டாது. ஒரே கொடி, ஒரே பழம், விலை மட்டும் ரெண்டு.

போர்ட் விற்பனை சரியச் சரிய இந்த வரம்பும் இறங்குகிறது. அங்கே அளவு ‘பைப்’ கணக்கில், ஒரு பைப் சுமார் 550 லிட்டர். 2024-ல் 90 ஆயிரம் பைப் என்று இருந்த வரம்பு, 2025-ல் 75 ஆயிரமாகக் குறைக்கப்பட்டது. திராட்சையை வாங்க ஆள் இல்லை என்று விவசாயிகள் வீதிக்கு வந்து போராடினார்கள். ஐந்தில் ஒரு பங்காகச் சேர்க்கும் ஸ்பிரிட், டோரோ திராட்சையில் செய்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்ததும் அவர்களின் கோபத்துக்கு ஒரு காரணம். அதை இங்கேயே செய்தால் மிச்சப் பழம் வீணாகாதே என்பது அவர்கள் கோரிக்கை.

ஏலத்தில் பழைய பாட்டில் கைமாறும்போது அதில் ஒரு ரூபாய்கூட அந்தக் கொடியை வளர்த்தவருக்குப் போவதில்லை. அவர் கணக்கு, பழத்தை விற்ற அன்றைக்கே முடிந்துபோனது.